மேளத்தின் வேகத்துக்கு ஒரு காபரேற்றர்

எங்கள் வீட்டில் இரண்டு கார்கள் இருந்தன. ஒன்று ஓடும். மற்றதற்குத்தான் மரியாதை. ஓடுகிற கார் மழையிலும் பனியிலும் வெளியே கிடந்து நனைய, மற்றது கராஜுக்குள் போர்வை போர்த்துக்கொண்டு சொகுசாகப் படுத்திருக்கும். ரொறன்ரோவின் மல்வேர்ன் பகுதியில் எங்கள் தெரு முழுக்க ஒட்டி ஒட்டிக் கட்டிய வீடுகள். எல்லோரும் கராஜுக்குள் அரிசி மூட்டை, பழைய மெத்தை, ஊரிலிருந்து யாராவது வந்தால் தேவைப்படும் என்று கழற்றி வைத்த கட்டில் என்று அடுக்கியிருந்தார்கள். அப்பா மட்டும் அங்கே கத்தரிப்பூ நிறத்தில் ஒரு பழைய அமெரிக்கக் காரை வைத்திருந்தார். எங்கள் அரிசி மூட்டை வரவேற்பறையில் சோபாவுக்குப் பக்கத்தில் நின்றது. அம்மா அதை ஒருநாளும் மன்னிக்கவில்லை.

அப்பா கனடாவுக்கு வந்த முதல் பனிக்காலத்தில், கால் விறைக்க பஸ்ஸுக்கு நின்றபோது, இப்படி ஒரு கார் அவரைக் கடந்து போனதாம். சத்தம் காதால் வரவில்லை, உள்ளங்காலால் வந்தது என்பார். எத்தனையோ வருடங்களுக்குப் பிறகு, எதிர்வீட்டுக் கிழவர் மேற்கே இருந்த மகளுடன் போய் இருக்க வெளிக்கிட்டபோது, தன் கராஜைத் திறந்து காட்டினார். உள்ளே அதே மாதிரிக் கார். யாராவது ஓட்டினால் போதும் என்று கிழவர் சொன்னார். அப்பா அன்று இரவு சாப்பிடவில்லை. அடுத்த நாள் கார் தெருவைக் கடந்து எங்கள் வீட்டுக்கு வந்தது.

அதன் முன்மூடியில் நீளமாக இரண்டு வெள்ளைக் கோடுகள். கோயிலுக்குக் கொண்டுபோய்ச் சக்கரங்களுக்குத் தேசிக்காய் வைத்தபோது ஐயர் அந்தக் கோடுகளைப் பார்த்துச் சிரித்து, குறுக்கே மூன்று திருநீற்றுக் குறி போட்டுவிட்டார். அப்பா அதைப் பல நாள் கழுவவிடவில்லை.

அந்தக் காருக்கு அப்பாவைத் தவிர இன்னொரு அடிமையும் உண்டு. அம்மாவின் தம்பி, என் மாமா. எங்கள் பேஸ்மென்ரில் இருந்துகொண்டு ஒரு பேக்கரிக்குப் பாண் ஏற்றும் வான் ஓடினார். வான் ஓடிய கை கழுவுவதற்கு முன்பே கராஜுக்குள் நுழைந்துவிடுவார். அப்பாவும் மாமாவும் எதற்கும் சண்டை பிடிப்பார்கள். கறிக்கு உப்பு, ஊர் அரசியல், எந்த ரயர் நல்லது, எல்லாம் சண்டைதான். சண்டை பிடிக்காவிட்டால் ஒருவருக்கு மற்றவர் மேல் கோபம் என்று அர்த்தம்.

எனக்கு அந்தக் காரில் ஒரு பங்கு இருந்தது. ஸ்காபரோவைத் தாண்டி வடக்கே போனால் சோள வயல்களுக்கு நடுவே நேராகக் கிடக்கும் ஒரு தெரு. அங்கே கொண்டுபோய் ஒருமுறை முழு வேகத்தில் விட்டுப் பார்ப்பது என்று அப்பா எனக்கு வாக்குத் தந்திருந்தார். ஜன்னல்களை இறக்கிவிட வேண்டும், பாட்டுப் போடக்கூடாது, எஞ்சின் சத்தம் மட்டும்தான் கேட்கவேண்டும் என்று நிபந்தனைகளெல்லாம் பேசி முடித்திருந்தோம். நான் அப்போது பத்து வயதுப் பெண்பிள்ளை. பள்ளிக்கூடத்தில் இந்தத் தெருவைப் பற்றி ஒருவரையும் நிம்மதியாக இருக்கவிட்டதில்லை.

இனி அந்தக் கலியாணத்தைச் சொல்லவேண்டும். அதைச் சொல்லாமல் காபரேற்றர் கதையைத் தொடங்க முடியாது.

ரொறன்ரோவில் எங்கள் சனத்தின் மாப்பிள்ளைகள் மண்டபத்துக்குள் சும்மா நடந்து போகமாட்டார்கள். ஒருவன் குதிரையில் வருவான், ஒருவன் ரதத்தில் வருவான். இவை கிடைக்காதவன் யாருடைய நல்ல காரிலாவது வருவான். கார் நிறுத்தும் இடத்தின் ஒரு மூலையில் ஊர்வலம் தொடங்கி மண்டப வாசல் வரை போகும். முன்னால் மேளம், பின்னால் பெண்கள், நடுவில் மாப்பிள்ளையின் கார். அம்மாவின் ஒன்றுவிட்ட தங்கைக்குக் கலியாணம் வந்தபோது அப்பா தன் காரைத் தருவதாக ஒற்றைக்காலில் நின்றார்.

பிழை அங்கேதான். பறப்பதற்குச் செய்த எஞ்சினை நாதஸ்வரக்காரருக்குப் பின்னால் விட்டார்கள். அவர் ஓர் அடி வைப்பார், நிற்பார், கண்ணை மூடிக்கொண்டு இழுத்து வாசிப்பார், மனம் வந்தால் அடுத்த அடி வைப்பார். கார் பின்னால் நின்று உறுமிக் குலுங்கியது. பாதி வழியில் காஸ் மணம், அதுதான் பெற்றோல் மணம், குப்பென்று வந்தது, கறுப்பாய்ப் புகை வந்தது, பிறகு ஒரு விக்கல் மாதிரிச் சத்தத்தோடு எஞ்சின் நின்றது. அப்பா திறப்பைத் திருகத் திருக அது இருமியதே தவிர எழும்பவில்லை. மாப்பிள்ளை தலைப்பாகையோடு இறங்கி, வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வெயிலில் நடந்து போனார். தவில்காரருக்கு ஒன்றும் தெரியாது, அவர் பாட்டுக்கு அடித்துக்கொண்டு போனார். மாப்பிள்ளையின் பெரியம்மா உரத்த குரலில், "நல்ல சகுனம்தான்!" என்றார்.

அம்மாவுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருந்தது. வீடு வந்து சேலை மாற்றுவதற்கு முன்பே தொடங்கிவிட்டா. "உந்தக் காரை ஆருக்கும் தூக்கிக் குடுங்கோ. இனி நான் எந்தக் கலியாண வீட்டிலை முகம் காட்டுறது?" அந்தத் தம்பதிகள் இன்று இரட்டைப் பிள்ளைகளோடு நன்றாகத்தான் இருக்கிறார்கள். ஆனால் வீடியோவில் மாப்பிள்ளை வேட்டியைத் தூக்கிக்கொண்டு நடக்கிற இடம் வந்தால் எல்லோரும் இன்றும் எங்கள் பக்கம் திரும்பிப் பார்க்கத்தான் செய்கிறார்கள்.

மாமா முன்மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, காபரேற்றர் முடிந்துவிட்டது, புதிது போடவேண்டும் என்றார். காபரேற்றர் என்பது எஞ்சினின் உச்சந்தலையில் உட்கார்ந்துகொண்டு காற்றையும் காஸையும் பதமாகக் கலந்து உள்ளே அனுப்பும் சாமான். புட்டுக்கு மா குழைக்கிற கை மாதிரி. தண்ணீர் கூடினாலும் பிழை, குறைந்தாலும் பிழை. எங்களுடையது கை நடுங்குகிற வயதுக்கு வந்துவிட்டது. காஸை அளவில்லாமல் ஊற்றியது.

புதிது எது என்பதில் அப்பாவுக்கும் மாமாவுக்கும் முதலில் சண்டையே வரவில்லை. இரண்டு பேருக்கும் பெரியதுதான் வேண்டும். அகன்ற வாய் உள்ளது, காற்றை மடமடவென்று விழுங்குவது. அதைப் போட்டால் சோள வயல் தெருவில் கார் நிலத்தில் நிற்காது என்று மாமா சொன்னார். நானும் பெரியதற்குத்தான் கை தூக்கினேன். கோடை முடிந்துவிட்டது, அடுத்த வசந்தத்தில் போடுவோம் என்று காரைப் போர்த்து வைத்தார்கள்.

இலை கொட்டத் தொடங்கியபோது அப்பாவுக்கு வருத்தம் என்று தெரிந்தது. வயிற்றில் தொடங்கி ஈரலுக்கும் போய்விட்டதாம். இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது. அப்போது எனக்குச் சொன்னது, அப்பாவுக்குக் கொஞ்சம் சுகமில்லை, மருந்து ஏற்றுகிறார்கள், கோடைக்குள் சரியாகிவிடும் என்பதுதான். சொன்னவர்களை நான் குறை சொல்லமாட்டேன். பத்து வயதுப் பிள்ளையிடம் வேறு என்னத்தைச் சொல்வது? வரப்போவது அப்பாவின் கடைசிக் கோடை என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். எனக்கு மட்டும் தெரியாது.

அந்த மருந்து விரல்களைக் கெடுத்தது. குளிர்ந்த எதைத் தொட்டாலும் கரண்ட் அடிப்பது போல இருக்கும் என்பார். குளிர்பெட்டியின் கைப்பிடியைக்கூடத் தொடமாட்டார். வீட்டுக்குள்ளும் கம்பளிக் கையுறையோடு திரிந்தார். இரும்பையே பிடித்துக்கொண்டிருந்த மனிதருக்கு இரும்பைத் தொட முடியாமல் போனது. இன்றும் அதை நினைத்தால் எனக்கு யார் மேல் என்று தெரியாமல் ஒரு கோபம் வருகிறது.

பனி கரைந்ததும் மாமாதான் காபரேற்றர் பேச்சை எடுத்தார். அப்பாவின் முகத்தில் ஒரு வெளிச்சம் வரட்டும் என்று எடுத்திருப்பார். அப்பா சோபாவில் அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் சாய்ந்திருந்தார்.

"சின்னதைப் போடுவம்," என்றார்.

அப்பா வேறு காரைப் பற்றிப் பேசுகிறாரோ என்பது போல மாமா பார்த்தார். "என்ன அத்தான் விசர்க் கதை கதைக்கிறியள்? சின்னதைப் போட்டா உது காரில்லை, தையல் மெசின்."

"தையல் மெசின் நடுவழியிலை நிக்கிறேல்லை எல்லே."

சண்டை தொடங்கிவிட்டது. உண்மையைச் சொன்னால் வீட்டில் எல்லோருக்கும் அது ஆறுதலாக இருந்தது. பல மாதங்களாக மாமா அப்பா சொன்ன எல்லாவற்றுக்கும் ஓம் ஓம் என்று தலையாட்டிக்கொண்டிருந்தார், அது வீட்டையே பயப்படுத்தியது. இப்போது பழையபடி கத்தினார். பெரிய காபரேற்றரின் பெருமைகளை ஒரு நாள் முழுக்கச் சொன்னார். அப்பா அசையவில்லை. அகன்ற குழாயால் மெதுவாக உறிஞ்சினால் சர்பத் மேலே வராது, ஒடுங்கிய குழாயென்றால் வரும். மெதுவாகப் போகும்போதும் மூச்சு முட்டாமல் இருக்கச் சின்ன வாய்தான் வேண்டும் என்றார். நான் மாமாவின் கட்சியில் நின்று அழுதேன். என் சோள வயல் தெரு போய்விட்டதே! அப்பா கையுறையோடு என் தலையைத் தடவினார். "சின்னதும் ஓடும் பிள்ளை. கொஞ்சம் குறைவா ஓடும், அவ்வளவுதான்."

அஜின்கோர்ட் பக்கம், மாபிள் கல் விற்கும் கடைக்கும் மிளகாய்த்தூள் பைகள் அடைக்கும் இடத்துக்கும் நடுவே, பழைய கார்களுக்குச் சாமான் விற்கும் ஒரு கடை இருந்தது. ஒரு சனிக்கிழமை மூன்று பேரும் போனோம். இருமல் வராமல் இருக்க அப்பா வாயில் கற்கண்டு போட்டிருந்தார். கடைக்குள் ரப்பர் மணத்தோடு பக்கத்துக் கடையின் மிளகாய் மணமும் கலந்து அடித்தது. தாடி வைத்த ஒரு வெள்ளைக்காரர் இரண்டு பெட்டிகளைக் கொண்டுவந்து மேசையில் வைத்துத் திறந்தார். பெரியது பளபளவென்று கோயில் மணி மாதிரி இருந்தது. சின்னதும் பளபளத்ததுதான், ஆனால் அதைப் பார்க்க எனக்கு மனமில்லை.

தாடிக்காரர் மாமாவைத்தான் முதலில் பார்த்துப் பேசினார். இந்த எஞ்சினுக்குப் பெரியதுதான் எல்லோரும் கேட்பார்கள், கார் என்ன செய்யவேண்டும் என்று ஆசைப்படுகிறீர்கள் என்று கேட்டார். மாமா வாயைத் திறப்பதற்கு முன் அப்பா ஆங்கிலத்தில் சொன்னார். நடக்கவேண்டும்.

தாடிக்காரருக்குச் சிரிப்பு வந்தது. இத்தனை குதிரை வலுவை வைத்துக்கொண்டு நடப்பதா? என்ன வேகத்தில் நடக்கவேண்டும்? அப்பா யோசித்தார். பிறகு மேசையை விட்டு விலகி, ரயர்களுக்கும் எண்ணெய்ப் போத்தல்களுக்கும் நடுவே இருந்த ஒழுங்கையில் நடந்து காட்டினார். ஓர் அடி வைத்தார், நின்றார், தலையை இலேசாக ஆட்டினார், அடுத்த அடி வைத்தார். மேளத்துக்குப் பின்னால் போகிற நடை. மற்ற வாடிக்கையாளர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு வெட்கத்தில் நிலம் பிளந்தால் நல்லது போல இருந்தது. கலியாண வீட்டில் பட்ட மானக்கேடு அப்பாவின் மனதை விட்டுப் போகவில்லை, இனிமேல் காரை மாப்பிள்ளைகளுக்குக் கொடுத்துப் பெயரை மீட்கப் பார்க்கிறார் என்று நினைத்தேன். மாமாவும் அப்படித்தான் நினைத்திருக்கவேண்டும், சத்தமாகச் சிரித்தார்.

தாடிக்காரர் பெரியதன் பெட்டியை மூடினார். நடப்பதென்றால் சின்னதுதான் என்றார். அப்பா இன்னொன்றும் கேட்டார். இது எவ்வளவு காலத்துக்கு இருக்கும்? இடைக்கிடை கழற்றித் துடைத்து வைத்தால் பதினைந்து வருடம், இருபது வருடம் என்று எங்களுக்குப் பிறகும் இருக்கும் என்றார் அவர். அப்பா சின்னதைக் கையுறையோடு இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்தார். மாமாவிடம் தமிழில் மெதுவாகச் சொன்னார்.

"அவ்வளவு காலம் இருந்தாப் போதும். அண்டைக்கு ஒரு நாள் மட்டும் நிக்கக்கூடாது. நீ துடைச்சு வைச்சிரு."

மாமாவின் சிரிப்பு பாதியில் நின்றது. சட்டென்று திரும்பி, சுவரில் தொங்கிய ஃபான் பெல்டுகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்க்கத் தொடங்கினார். எங்கள் காருக்கு ஃபான் பெல்ட் தேவைப்படவில்லை. தோற்றுப்போன கோபம் என்று நினைத்தேன். எனக்கோ திடீரென்று சந்தோசம். இருபது வருடத்துக்குச் சாமான் வாங்குகிற மனிதருக்கு என்ன பெரிய வருத்தம் இருக்கப்போகிறது? திரும்பி வரும்போது பின்சீற்றில் இருந்து பாட்டுப் பாடிக்கொண்டு வந்தேன். முன்னால் இருந்த இரண்டு பேரும் பேசவில்லை. அதுவும் எனக்குச் சண்டையாகத்தான் தெரிந்தது.

அதை எஞ்சினில் பூட்டுகிற வேலை முழுக்க மாமாவின் கை. அப்பா பிளாஸ்டிக் கதிரையில் போர்வையோடு இருந்து வாயால் வேலை செய்தார். பழையதைக் கழற்றிய நாள் கராஜ் முழுக்கக் காஸ் மணம், அம்மா ஜன்னலெல்லாம் திறந்து வைத்துவிட்டு ஏசினா. புதியது ஏறிய பிறகு, கார் நின்றபடியே எஞ்சின் எவ்வளவு அமைதியாக ஓடுகிறது என்று பார்த்து, முன்னால் இருக்கும் இரண்டு சின்ன ஆணிகளைத் திருகிச் சரிசெய்யவேண்டும். அப்பா கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். "கொஞ்சம் கூட. காணாது. இப்ப கூடிப்போச்சு. திருப்பு." மாமாவும் சொன்னபடி திருப்புவார். அன்று மட்டும் சண்டை பிடிக்கவில்லை.

அப்பாவுக்குக் காது மட்டும் போதவில்லை. அம்மாவைக் கூப்பிட்டார். "இஞ்சேரும், சாமியறையிலை கிடக்கிற பித்தளைச் செம்பை எடுத்துக்கொண்டு வாரும். விளிம்பு முட்டத் தண்ணி விட்டு."

"நிறைகுடம் வைக்கிற செம்பை உந்த எண்ணெய்க்குள்ளை கொண்டு வரவோ? உங்களுக்கென்ன மூளை கலங்கிப் போச்சோ?" என்று கேட்ட அம்மா, கேட்டுக்கொண்டே கொண்டுவந்தா. மாமா அதைக் காரின் முன்பக்கத் தகரத்தின் மேல் வைத்தார். எஞ்சின் ஓடியது. செம்பில் தண்ணீர் சின்னச் சின்ன வளையமாக நடுங்கியது. சிந்தவில்லை.

எல்லோரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம். அம்மா செம்பைப் பார்த்தா, காரைப் பார்த்தா, பிறகு என்னைப் பார்த்தா. அப்பாவைப் பார்க்கவில்லை. அடுப்பில் கறி எரியுது என்று உள்ளே ஓடினா. அன்று சமைத்தது இடியப்பம், கறி முதல் நாளே வைத்தது. எனக்கு அது நன்றாக ஞாபகம் இருக்கிறது, ஏனென்றால் அந்தப் பழங்கறியை நான் சாப்பிடமாட்டேன் என்று அடம்பிடித்தேன்.

அடுத்த ஞாயிறு காலை அப்பா முகம் வழித்து, தலை இழுத்து, அந்தக் கலியாணத்துக்குத் தைத்த சேட்டைப் போட்டுக்கொண்டு கீழே வந்தார். சேட்டுக்குள் இன்னொரு ஆளும் இருக்கலாம் போல அது தொங்கியது. எங்கே போகிறோம் என்று கேட்டேன். "காரை நடத்திப் பாப்பம்," என்றார். நான் அரைக்காற்சட்டையோடு, கையில் ஊதா நிற ஐஸ்பழத்தோடு பின்சீற்றில் ஏறினேன். ஓரமாக இருந்த என்னை, "நடுவிலை இரு பிள்ளை," என்றார். மாமா ஓட்டும் பக்கம் ஏறினார். அப்பா ஏறவில்லை.

"அப்பா, ஏறுங்கோவன்."

"நான் நடந்து வாறன்."

கார் எங்கள் வீட்டு வாசலிலிருந்து இறங்கித் தெருவில் திரும்பியது. அப்பா என் வலப்பக்க ஜன்னலோடு நடந்தார். நடக்கத் தொடங்கியபோது இடக்கைக் கையுறையைப் பல்லால் கடித்துக் கழற்றிச் சட்டைப்பைக்குள் வைத்தார். அந்தக் கையை வெறுமையாக ஜன்னல் விளிம்பில் வைத்துக்கொண்டார். வெயிலில் தகரம் சூடாக இருந்திருக்கவேண்டும். அல்லது குத்தியும் பொறுத்தாரோ, எனக்குத் தெரியாது.

அந்தக் காபரேற்றரைச் சும்மா சொல்லக்கூடாது. அத்தனை பெரிய எஞ்சின் பூனை மாதிரிப் பதுங்கிக்கொண்டு வந்தது. அப்பா ஓர் அடி வைத்தால் கார் ஓர் அடி வைத்தது. அவர் நின்றால் நின்றது, ஆனால் எஞ்சின் நிற்கவில்லை. மாமா நேரே தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார், ஒருமுறைகூட அப்பா பக்கம் திரும்பவில்லை. அம்மா வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றது பின்கண்ணாடியில் தெரிந்தது.

எனக்கு அலுத்துப்போனது. ஐஸ்பழம் உருகிக் கையால் வழிந்தது. தெருவில் ஒரு குருவிகூட இல்லை, எல்லோரும் ஞாயிற்றுக்கிழமை நித்திரை. ஆனால் அப்பா சும்மா வரவில்லை. இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்தார். இந்தப் பக்கம் ஒரு சின்னத் தலையசைப்பு, அந்தப் பக்கம் ஒரு சின்னத் தலையசைப்பு. ஓரிடத்தில் இலேசாகச் சிரித்தார். ஓரிடத்தில் கையுறை போட்ட கையை நெஞ்சுக்குக் கிட்டக் கொண்டுபோனார். எதிரே வேலியும், குப்பைத் தொட்டியும், யாரோ விட்டுவிட்டுப் போன சைக்கிளும்தான் நின்றன.

தெருமுனையில் எல்லா வீட்டுக்குமான தபால் பெட்டிகள் இருக்கும் இடம் வரை நடந்தார். அதற்கு மேல் முடியவில்லை. பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்று மூச்சு வாங்கினார். மாமா இறங்கி ஓடிப்போய்த் தாங்கி முன்சீற்றில் இருத்தினார். "நிக்கேல்லைப் பாத்தியோ," என்றார் அப்பா. "ஓம் அத்தான்," என்றார் மாமா. இப்போதாவது வேகமாகப் போவோமா என்று நான் கேட்டேன். "மாமா பிறகு கூட்டிக்கொண்டு போவான் பிள்ளை," என்றார் அப்பா.

அப்பா அந்த ஆவணியில் போய்விட்டார். அப்பா சொன்ன சொல் தவறாமல் மாமா இலையுதிர் காலத்தில் என்னை வடக்கே கூட்டிக்கொண்டு போனார். சோளம் வெட்டியாகிவிட்டது, தெரு நேராகக் கிடந்தது. ஜன்னல்களை இறக்கினோம், பாட்டுப் போடவில்லை. சின்னக் காபரேற்றரும் நன்றாகத்தான் ஓடியது. நான் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். கொஞ்சத் தூரத்தில் மாமாவே வேகத்தைக் குறைத்தார், நான் கேட்கவில்லை. அதற்குப் பிறகு வருடா வருடம் வசந்தத்தில் காபரேற்றரைக் கழற்றித் துடைத்துப் பூட்டிப் போர்த்து வைப்பார். கல்லூரிக்குப் போகிற வயதில், இந்த மனிதருக்கு வேறு வேலை இல்லையா என்று நான் கேலி செய்திருக்கிறேன்.

போன கோடையில் எனக்குக் கலியாணம். மேளம் மாப்பிள்ளைக்குத்தான் முன்னால் போகும், பெண்ணுக்கு எதற்கு ஊர்வலம் என்று மாப்பிள்ளை வீட்டார் முணுமுணுத்தார்கள். மாமா கேட்கவில்லை. கத்தரிப்பூ நிறக் காரைக் கொண்டுவந்து நிறுத்தி, "நடுவிலை இரு," என்றார். தலை நரைத்துவிட்டது, ஆனால் கை ஸ்ரியரிங்கில் அப்படியேதான் இருந்தது. நாதஸ்வரக்காரர் ஓர் அடி வைத்தார், நின்றார், கண்ணை மூடி இழுத்தார். கார் பின்னால் நின்றது. எஞ்சின் நிற்கவில்லை. யாரோ ஒரு பெரியப்பா முறையானவர் என் ஜன்னலோடு சேர்ந்து நடக்க வந்தார். மாமா தலையை வெளியே நீட்டி, "அண்ணை, அந்தப் பக்கம் ஒருத்தரும் வரவேண்டாம்," என்றார். வலப்பக்கம் கடைசிவரை வெறுமையாகவே வந்தது.

இரண்டு கரையிலும் சனம் நின்றது. அப்பாவோடு வேலை செய்தவர்கள், அம்மாவின் ஒன்றுவிட்ட தங்கையும் வேட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்த அந்த மாப்பிள்ளையும், பழைய தெருச் சனம், எல்லோரும். கார் அவர்களைக் கடக்கக் கடக்க ஒவ்வொருவரும் எங்களைப் பார்த்து மெதுவாகத் தலையசைத்தார்கள். பதில் தலையசைக்கவேண்டியவர் ஒருவர் இருக்கிறாரே என்று நான் வலப்பக்கம் திரும்பினேன். அந்த இடத்தில் எனக்கு விளங்கிவிட்டது. போட்ட மை முழுக்கக் கரைந்துபோகும்படி அழுதேன். பெண் பிரிவுத் துயரில் அழுகிறாள் என்று வீடியோக்காரர் கிட்ட வந்து படமெடுத்தார்.

அப்பா இவர்களை எல்லாம் அன்றைக்கே வரவேற்று முடித்துவிட்டார்.

ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு அதெல்லாம் எங்கே தெரியும்? கார் வீட்டுக்குத் திரும்பியதும் நான்தான் முதலில் இறங்கி ஓடினேன். ஊதா நிறக் கையோடு அம்மாவின் சட்டையைப் பிடித்து இழுத்து, அப்பாவுக்குக் கேட்காதபடி இரகசியமாகச் சொன்னேன்.

"அம்மா, மருந்து கூடிப்போச்சுப் போல. அப்பாவுக்குத் தலை தானா ஆடுது. ஆருமில்லாத இடத்தைப் பாத்துப் பாத்து ஆட்டுறார். நாளைக்கு டொக்டருக்குச் சொல்லுங்கோ."

அம்மா குனிந்து என் கையைத் தன் சட்டை விளிம்பால் துடைத்தா. ஊதா நிறம் முழுக்கப் போன பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தா. "ஓம் பிள்ளை, சொல்லுறன்," என்றா.